‘பெர்ல்மன்’ என்றால் முத்து வியாபாரியா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

நியூஜெர்சியில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. கணவர் அமெரிக்க யூதர்; குடும்பப் பெயர் பெர்ல்மன். (நிறையக் குடும்பங்களுக்கு உள்ள பெயர் என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களை மாற்றிவிட்டேன்.) கணவரின் கொள்ளுத்தாத்தா 1908-ல் கப்பலேறி நியூயார்க் வந்தவர். 1914-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதற்கு முந்தைய கதை வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. “நாம் ஆஸ்திரியாக்காரர்கள். நம்முடைய உண்மையான பெயர் வேறு, எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரி மாற்றி எழுதிவிட்டான்” என்று மாமனார் சொல்லிவருகிறார். (எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த நிலையம்.) அவருக்கு வயது 81.

சகோதரி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தைக்குக் குடும்பப் பெயரைப் போடுவதா, நம் வழக்கப்படி அப்பா பெயரை இனிஷியலாக வைப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. “யாரோ ஒரு அதிகாரி ஒட்டிவிட்ட பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்று கணவரே கேட்கிறாராம். பழைய பெட்டியில் கிடைத்த பிறப்புச் சான்றிதழ் நகல், கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல் என்று இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறார். நகல் கிழிந்திருக்கிறது. அதில் “யாகோப் வெய்ஸ் ரெக்டே பெர்ல்மன்” என்று படிக்க முடிகிறது. ஓரத்தில் “தார்னோபோல்” என்ற சொல் தெரிகிறது. அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு விழுந்து மை அழிந்துவிட்டது.

அவருடைய கேள்விகள்: ரெக்டே என்பது நடுப்பெயரா? பெர்ல் என்றால் முத்துதானே, அப்படியானால் முத்து வியாபாரிகளாக இருந்து எங்கள் ஊர்ப் பக்கம்கூட வந்திருப்பார்களா? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? ஆஸ்திரிய பாஸ்போர்ட் கிடைக்குமா? ஆண் குழந்தை என்றால் மாமனார் பெயரையே வைத்து அவரைச் சந்தோஷப்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான தகவலை நடுப்பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ரெக்டே என்ற அந்த ஒரு சொல்தான் உங்கள் மாமனார் சொல்லும் கதைக்குச் சாவி. அதற்கு வருவதற்கு முன், யூதர்களுக்குக் குடும்பப் பெயர் எப்போது, எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலானவர்களுக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நிலையான குடும்பப் பெயரே கிடையாது. மகன் பெயர், அதன் பின் அப்பா பெயர், அவ்வளவுதான். எலியேசரின் மகன் யாகோப் என்றால், எபிரேயத்தில் ‘யாகோவ் பென் எலியேசர்’. யாகோப்புக்கு மகன் பிறந்தால் அவன் பெயரோடு யாகோவ் சேரும். எலியேசர் விடுபட்டுப் போவார். நம் ஊர் இனிஷியல் முறைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறொன்றைச் சொல்ல முடியாது. அமெரிக்கப் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தை நிரப்ப உங்கள் அப்பா பெயரை நீங்கள் எழுதிய மாதிரி, அவர்களும் அரசாங்கம் கேட்டபோதுதான் ஒரு பெயரைத் தேடிப் பிடித்தார்கள்.

அரசாங்கம் கேட்டது 1787-ல். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தன் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் எல்லோரும் 1788 ஜனவரி 1 முதல் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். வரி வசூலுக்கும் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்கும் ஆளைக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. பிறகு ரஷ்யா 1804-லும், நெப்போலியனின் பிரான்ஸ் 1808-லும், பிரஷியா 1812-லும், ரஷ்யாவின் கீழிருந்த போலந்து ராஜ்யம் 1821-லும் இதே வழிக்கு வந்தன. எந்தப் பெயராக இருந்தாலும் அதன் பொருளைச் சொல்வதற்கு முன் ‘எந்த அரசாங்கத்தின் கீழ், எந்த வட்டாரத்தில்?’ என்று கேட்டாக வேண்டியது இதனால்தான். ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு காரணத்துக்காக வந்திருக்கும். அதே காரணத்தால், பெர்ல்மன் என்ற பெயர் உள்ள எல்லோரும் உங்கள் கணவருக்குச் சொந்தம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத குடும்பங்கள் இந்தப் பெயரைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டன.

ரெக்டே என்ன சொல்கிறது?

ரெக்டே என்பது லத்தீன் சொல். ‘சரியாகச் சொன்னால்’ என்று பொருள். ஆஸ்திரிய அரசின் கீழிருந்த கலீசியா மாகாணத்து யூதப் பதிவேடுகளில் இது அடிக்கடி வரும். “வெய்ஸ் ரெக்டே பெர்ல்மன்” என்றால், ‘ஊரில் வெய்ஸ் என்று அழைக்கப்படுகிறார், சட்டப்படி இவர் பெர்ல்மன்’. சில இடங்களில் இதையே திருப்பி “பெர்ல்மன் ஃபால்சோ வெய்ஸ்”, அதாவது ‘தவறாக வெய்ஸ் என்று அழைக்கப்படும் பெர்ல்மன்’, என்று எழுதியிருப்பார்கள். ‘வெல்’ என்று போட்டிருந்தால் ‘அல்லது’ என்று அர்த்தம்.

ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு பெயர்? காரணம் கல்யாணத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய அரசு யூதத் திருமணத்தை அங்கீகரிக்கக் கட்டணம் கேட்டது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மணமக்கள் ஜெர்மன் பாடநூல் ஒன்றில் தேர்வு எழுத வேண்டும் என்றுகூட நிபந்தனை வைத்தது. ஏழைக் குடும்பங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. யூத மதகுருவான ரபி முன்னால் விதானத்தின் கீழ் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். தங்கள் மதத்துக்கும் ஊருக்கும் அது போதும் என்று இருந்துவிட்டார்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அரசாங்கத்தின் கணக்கிலோ அந்தத் தம்பதிக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனவே பிள்ளைகளை அம்மாவின் குடும்பப் பெயரில் பதிந்தார்கள்.

உங்கள் கையில் இருக்கும் நகலுக்கு மிகவும் பொருந்தும் விளக்கம் இதுதான்: கொள்ளுத்தாத்தாவின் அப்பா வெய்ஸ், அம்மா பெர்ல்மன். தெருவில் அவர் வெய்ஸ் வீட்டுப் பையன். பாஸ்போர்ட், ராணுவம், கப்பல் டிக்கெட் என்று காகிதம் கேட்கிற இடத்திலெல்லாம் பெர்ல்மன். ‘நம்முடைய உண்மையான பெயர் வேறு’ என்று மாமனார் சொல்வதில் உண்மை இருக்கிறது. தவறு, பெயர் மாறிய இடத்தில்தான். மாறியது அமெரிக்காவில் அல்ல. பிறந்த அன்றே இரண்டு பெயரும் இருந்தன.

இதை உறுதி செய்ய மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் வரிசை எண், பிறந்த தேதி, விருத்தசேதனம் அல்லது பெயர் சூட்டிய தேதி, வீட்டு எண், அப்பா பெயர், அம்மாவும் அவருடைய பெற்றோரும், சாட்சிகள், மருத்துவச்சி என்று கட்டங்கள் இருக்கும். நடுவில் ஒரு கட்டம் ‘சட்டபூர்வமான பிள்ளையா, அல்லவா’ என்று கேட்கும். ‘அல்ல’ என்ற பக்கத்தில் கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் மனசு சங்கடப்பட வேண்டாம். மாமனாரிடம் காட்டும்போதும் முதலில் இதை விளக்கிவிட்டுக் காட்டுங்கள். அந்தப் பெற்றோர் கல்யாணமாகி, ஊரறியக் குடும்பம் நடத்தியவர்களாகவே இருப்பார்கள். அந்தக் கோடு அவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டவில்லை என்பதை மட்டும் காட்டுகிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போகும் சமயத்தில் அவசரமாகத் திருமணத்தைப் பதிவு செய்த பெற்றோரும் நிறைய உண்டு. குறிப்புகளுக்கான கடைசிக் கட்டத்தில் அதையும் எழுதியிருப்பார்கள். அதைக் கட்டாயம் படியுங்கள்.

எல்லிஸ் தீவில் நடந்தது

அதிகாரி பெயரை வெட்டினான் என்ற கதை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு உண்டு. 1892-ல் திறந்து 1954-ல் மூடப்பட்ட அந்த நிலையம் வழியாக சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் அங்கே பெயர்களைப் புதிதாக எழுதும் வேலையே நடக்கவில்லை. ஹாம்பர்க், பிரேமன், ராட்டர்டாம் போன்ற புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் பயணிகள் பட்டியலைத் தயாரித்துவிடுவார்கள். எல்லிஸ் தீவு அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதும் ஆள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா குவார்டியா, 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்தான்.

அமெரிக்காவில் யூதக் குடும்பங்கள் பெயரை மாற்றிக்கொண்டது உண்மை. ஆனால் அதை அவர்களே செய்தார்கள், பெரும்பாலும் வந்து சில ஆண்டுகள் கழித்து. கடைப் பலகைக்காகச் சிலர், குடியுரிமை மனு போடும்போது சிலர். 1930-களிலும் 40-களிலும் நியூயார்க் நீதிமன்றத்தில் பெயர் மாற்றக் கோரியவர்களில் பெரும்பகுதி யூதர்கள். யூதப் பெயர் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது, கல்லூரியில் இடம் கிடைக்காது என்ற நிலைமை. அந்த அவமானத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதைவிட ‘அதிகாரி மாற்றிவிட்டான்’ என்பது எளிதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உங்கள் குடும்பத்தில் அதுவும் நடக்கவில்லை. பிறந்த ஊர்க் காகிதத்தில் இருந்த அதே பெர்ல்மன்தான் இன்றுவரை வருகிறது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அவருடைய அண்ணன் தம்பிகள் யாராவது அமெரிக்கா வந்திருந்தால், அவர்கள் வெய்ஸ் என்ற பெயரில் வாழ்ந்திருக்கலாம். சின்ன வயதில் கல்யாண வீடுகளில் வெய்ஸ் என்ற பெயரில் யாராவது சித்தப்பா, பெரியப்பா முறையில் வந்து போனார்களா என்று மாமனாரிடம் கேளுங்கள். கொள்ளுத்தாத்தா அவருக்குச் சொந்தத் தாத்தா அல்லவா? அவர் ஞாபகத்தில் இருப்பது எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. கைபேசியில் பதிவு செய்துகொண்டு கேளுங்கள், இந்த வாரமே கேளுங்கள்.

முத்தா, ஒரு பெண்ணின் பெயரா?

பெர்ல் என்றால் முத்து என்பது சரி. ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ் பேசும் வீடுகளில் பெர்ல் என்பது பெண்களுக்கு வைக்கும் சாதாரணப் பெயரும்கூட. பெண் பெயரோடு ‘மன்’ சேர்ந்தால் ‘அந்தப் பெண்ணின் புருஷன்’ என்று பொருள் வருவது யிட்டிஷ் வழக்கு. எஸ்தர்மன் என்றால் எஸ்தரின் புருஷன். பெர்ல்மன் என்றால் பெர்லின் புருஷன். பெண் பெயரிலிருந்து வந்த யூதக் குடும்பப் பெயர்கள் ஏராளம்: ரிவ்காவிலிருந்து ரிவ்கின், டுவோராவிலிருந்து டுவோர்கின், மல்காவிலிருந்து மல்கின். சந்தையில் கடை வைத்து வியாபாரம் பார்த்தவள் மனைவி, புருஷன் படிப்பும் ஜெபமுமாக இருந்தான் என்ற குடும்பங்கள் அந்த ஊர்களில் சகஜம். ஊருக்குத் தெரிந்த முகம் பெர்ல் என்றால் அவனை ‘பெர்ல் வீட்டுக்காரன்’ என்றுதானே சொல்வார்கள்?

பொருள் இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லவும் கூடாது. 1787 சட்டம் வந்தபோது கலீசியாவில் பல குடும்பங்கள் காதுக்கு அழகான ஜெர்மன் சொற்களைச் சேர்த்துப் பெயர் எடுத்துக்கொண்டன. ரோசன்பெர்க் என்றால் ரோஜா மலை, பெர்ல்முட்டர் என்றால் முத்துச்சிப்பி. அந்த வகையில் அலங்காரமாக வந்த பெர்ல்மன்களும் இருக்கலாம். முத்து வியாபாரம்தான் மூன்றில் மிகப் பலவீனமான விளக்கம். கடலுக்கு வெகு தூரத்தில், தானியமும் மரமும் சாராயமும் விற்ற சிற்றூர்கள் அவை. ‘பணம் கொடுத்தவர்களுக்கு அழகான பெயர், கொடுக்காதவர்களுக்கு அசிங்கமான பெயர்’ என்ற கதையும் உங்கள் கண்ணில் படும். அவமானப்படுத்தும் பெயர்கள் சில கலீசியாவில் இருந்தன என்பது உண்மை. பெயருக்கு விலைப்பட்டியல் போட்டு விற்றார்கள் என்பதற்கு ஆதாரமான ஆவணம் இல்லை.

தூத்துக்குடி பற்றி ஆசையோடு கேட்டிருக்கிறீர்கள். வருத்தம்தான், இந்தக் குடும்பத்துக்கு அங்கே வழி தெரியவில்லை. சோழமண்டலக் கரைக்கு வியாபாரம் செய்ய வந்த யூதர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து பவளம் கொண்டுவந்து சென்னைக் கோட்டைப் பகுதியில் வைரம் வாங்கிப் போனார்கள். ஆனால் அவர்கள் போர்ச்சுகீசிய மரபு யூதர்கள். மொழி வேறு, பெயர்கள் வேறு, கலீசியாவோடு சம்பந்தமில்லை.

என் கருத்தைச் சொல்லவா? பெர்ல் என்ற ஒரு பெண்ணின் பெயர் குடும்பப் பெயராகி, நூறு ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு அம்மா வழியாகவே யாகோப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், எந்த முத்து வியாபாரி கதையையும்விட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அம்மா வழியும் பெண் பெயர் விளக்கமும் இரண்டுமே உறுதியானால்தான் இப்படிச் சொல்லலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

பெயரை இணையத்தில் போட்டுப் பொருள் பார்ப்பதிலிருந்து தொடங்காதீர்கள். ஊரை முதலில் பிடியுங்கள். ஆஸ்திரியா என்று வீட்டில் சொல்வதால் வியன்னாவைத் தேட வேண்டாம். கலீசியா 1772 முதல் 1918 வரை ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது, பிறகு போலந்து, இன்று அதன் கிழக்குப் பாதி உக்ரைனில், மேற்குப் பாதி போலந்தில். தார்னோபோல் இப்போது உக்ரைனின் டெர்னோபில். இதே மனிதரின் பிறந்த நாடு 1910 மக்கள்தொகைக் கணக்கில் ‘ஆஸ்திரியா – யிட்டிஷ்’ என்றும், 1930-ல் ‘போலந்து’ என்றும் இருந்தால் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அவர் இடம் மாறவில்லை, எல்லைக்கோடு மாறியது. ஸ்பெயினிலும் ஒரு கலீசியா இருக்கிறது, தேடும்போது அது குறுக்கே வரும். இன்னொன்று, தார்னோபோல் என்பது நகரத்தின் பெயர் மட்டுமல்ல, மாவட்டத்தின் பெயரும்தான். சான்றிதழில் இருப்பது மாவட்டமாகவும் இருக்கலாம். பிறந்தது பக்கத்துச் சிற்றூராக இருக்கலாம்.

ஊரைப் பிடிக்க அமெரிக்காவிலேயே நான்கு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, கல்லறைக் கல். நீங்கள் அனுப்பிய படத்தில் மேலே இருக்கும் இரண்டு எபிரேய எழுத்துகள் ‘இங்கே அடக்கம்’ என்பதன் சுருக்கம். அதற்குக் கீழே ‘யாகோவ் பென் எலியேசர்’ என்று தெளிவாக இருக்கிறது. அவருடைய அப்பா பெயர் கிடைத்துவிட்டது! ஆங்கில வரிகளை மட்டும் பார்த்ததால் இது உங்கள் கண்ணில் படவில்லை. பழைய பதிவுகளில் எலியேசர் என்று எழுதாமல் வீட்டுப் பெயரான ‘லெய்சர்’ என்று எழுதியிருப்பார்கள். ஆகவே லெய்சர் வெய்ஸ் என்று தேடுங்கள். கல்லில் ஆசீர்வதிக்கும் கைகளோ குடமோ செதுக்கப்படவில்லை. குருமார் வழிவந்த கோஹன், ஆலயப் பணி செய்த லேவி மரபுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த மயான அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தப் பகுதி எந்தச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது என்று கேளுங்கள். நியூயார்க் வந்த யூதர்கள் சொந்த ஊர் வாரியாகச் சங்கம் வைத்து, சங்கத்தின் பேரில் அடக்க நிலம் வாங்கினார்கள். சங்கத்தின் பெயரில் பெரும்பாலும் ஊர் இருக்கும்.

இரண்டாவது, கப்பல் பட்டியல். இவர் 1908-ல் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். 1907 சட்டத்துக்குப் பிறகு பட்டியலில் 29 கட்டங்கள்; பிறந்த ஊர், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி, அமெரிக்காவில் யாரிடம் போகிறார் எல்லாமே கேட்டார்கள். பட்டியல் இரண்டு பக்கமாக நீளும். பலர் இடப் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிறந்த ஊர் வலப் பக்கத்தில் இருக்கிறது. பெர்ல்மன், வெய்ஸ் இரண்டிலும் தேடுங்கள். எழுத்து எப்படியும் மாறியிருக்கும் என்பதால், 1985-ல் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட டெய்ட்ச்–மொகோடாஃப் ஒலிக்குறியீட்டு முறையில் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது பெர்ல்மன், பெரெல்மன், பியர்ல்மன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரும். ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் அந்தத் துறைமுகத்துப் பட்டியலும் இருக்கிறது. பிரேமன் பட்டியல்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

மூன்றாவது, 1914 குடியுரிமை மனு. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய மனுக்களின் பிரதி மத்திய அரசிடமும் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைத் துறையின் வம்சாவளித் திட்டத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். நீதிமன்றப் பிரதி கிடைத்தால் செலவு குறையும், முதலில் அதைப் பாருங்கள். நான்காவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1950 வரை எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஊர் தெரிந்த பிறகுதான் ஐரோப்பியக் காப்பகங்கள். கிழக்கு கலீசியாவின் யூதப் பதிவேடுகளில் பெரும்பகுதி வார்சாவில் ஆகாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி லிவிவ் நகரின் மத்திய வரலாற்றுக் காப்பகத்தில். போலந்துச் சட்டப்படி பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டு, திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டு கடந்தால் பொதுப் பார்வைக்கு வரும். உங்கள் தேடலுக்கு அது தடையில்லை. ஜூயிஷ்ஜென், ஜே.ஆர்.ஐ. போலந்து, கெஷர் கலீசியா ஆகியவை இந்தப் பதிவுகளுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்து இணையத்தில் வைத்திருக்கின்றன. பெயரின் பொருளுக்கு அலெக்சாண்டர் பைடர் தொகுத்து 2004-ல் வெளியான கலீசிய யூதக் குடும்பப் பெயர் அகராதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் எந்தெந்த மாவட்டத்தில் இருந்தது என்று சொல்லும் நூல் அது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கேடயம் வரைந்த சட்டம் போட்டு விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டிஎன்ஏ டெஸ்ட்?

இந்தக் கேள்விக்கு அது உதவாது என்பதே என் எண்ணம். அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் சில நூறு பேராகச் சுருங்கி, அதன்பின் தங்களுக்குள்ளேயே மணந்து பெருகியவர்கள். ஆகவே முடிவு வந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ‘மூன்றாம் நிலை உறவு’ என்று வந்து நிற்பார்கள். உண்மையில் மிகத் தூரத்துச் சொந்தமாக இருப்பார்கள். அப்பா வழி மட்டும் காட்டும் சோதனை எடுத்தாலும், அது வெய்ஸ் வழியைக் காட்டுமே தவிர பெர்ல்மன் வழியைக் காட்டாது.

அபாயமும் இருக்கிறது. 2023-ல் பெரிய டிஎன்ஏ நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. திருடியவர்கள் அஷ்கெனாசி யூதர்களின் பட்டியலைத் தனியாகப் பிரித்து விற்பனைக்கு வைத்தார்கள். யூதர்களைப் பட்டியல் போட்டால் என்ன நடக்கும் என்று அனுபவித்த ஒரு சமூகத்துக்கு அது சின்ன விஷயமல்ல. முடிவை உங்கள் கணவர் எடுக்கட்டும்.

மருத்துவக் காரணத்துக்கான சோதனை வேறு விஷயம், அதைத் தள்ளிப்போட வேண்டாம். அஷ்கெனாசி மரபில் சுமார் 40 பேரில் ஒருவருக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருக்கிறது. அது ஆண்கள் வழியாகவும் பிள்ளைகளுக்கு வரும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கணவரின் மரபைச் சொல்லி, மரபணு ஆலோசகரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன்: இந்தக் கொள்ளுத்தாத்தா வழியாகக் கிடைக்காது. 2020 செப்டம்பர் முதல் ஆஸ்திரியா நீட்டித்த குடியுரிமைச் சலுகை, நாஜி ஆட்சியால் துன்புறுத்தப்பட்டு ஆஸ்திரியாவைவிட்டு வெளியேறியவர்களின் வாரிசுகளுக்கானது. இவர் 1908-லேயே கிளம்பிவிட்டார். போலந்துக் குடியுரிமைச் சட்டம் வந்தது 1920-ல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே இவர் அமெரிக்கர். முன்பணம் கேட்டு ‘முயற்சி செய்து பார்க்கலாம்’ என்று சொல்லும் ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை. மாமியார் வழி எங்கிருந்து, எப்போது வந்தது என்பதைத் தனியாகப் பாருங்கள். அதற்குப் பதில் வேறாக இருக்கலாம்.

மாமனாரிடம் போவதற்கு முன்

கப்பல் பட்டியலில் ‘சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர்’ என்ற கட்டத்தைச் சொன்னேன். அங்கே ஒரு பெயர் இருக்கும். அப்பா லெய்சராக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த தலைமுறையில் நீங்கள் வந்து நிற்பது 1942-ல். அந்த ஆண்டு மார்ச் முதல் டிசம்பர் வரை நாஜிகளின் பெல்செக் கொலை முகாமில் மட்டும் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தார்னோபோல் யூதர்கள் பலரை அங்கேதான் கொண்டுபோனார்கள். எருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் பலியானவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. உறவினர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சித் தாள்களும் அதில் உண்டு. அதில் வெய்ஸ், பெர்ல்மன் இரண்டையும் பார்க்காமல் இந்தத் தேடல் முடியாது. கர்ப்ப காலத்தில் தனியாக உட்கார்ந்து இரவில் அதைப் பார்க்காதீர்கள், கணவர் பக்கத்தில் இருக்கட்டும். மாமனாரிடம் சொல்வதற்கு முன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். சிலர் எல்லாப் பெயரையும் கேட்பார்கள். சிலர் அந்த வாசலோடு நின்றுவிடுவார்கள். இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

குழந்தைக்கு மாமனார் பெயர் வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் தாத்தா இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயர் வைத்தால் பெருமைப்படுவார். அஷ்கெனாசி யூத வழக்கத்தில் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். இறந்த முன்னோரின் பெயரைத்தான் வைப்பார்கள். மதத்தில் அவ்வளவு பிடிப்பு இல்லாத பெரியவர்கள்கூட இதில் மனக்கலக்கம் அடைவதுண்டு. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைத்து வைக்காமல் நேரில் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், யாருடைய பெயரை வைக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். இப்போது எலியேசர் என்று ஒரு பெயரும் உங்கள் கையில் இருக்கிறது, அவருடைய தாத்தாவின் அப்பா.

குடும்பப் பெயரா இனிஷியலா என்பதை நீங்களும் கணவரும்தான் முடிவு செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் எப்படிப் பதிகிறீர்களோ அப்படியேதான் அமெரிக்க பாஸ்போர்ட்டிலும், பின்னால் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்தால் அதிலும் வரும் என்பதால் எழுத்துகளை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ‘அதிகாரி ஒட்டிய பெயர்’ என்ற காரணத்துக்காக மட்டும் பெர்ல்மனைத் தள்ள வேண்டியதில்லை. வார்சாவிலிருந்து பதில் வரப் பிரசவம் தாண்டிவிடலாம், அதற்காகவும் முடிவைத் தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழ் நகலின் மடிப்பைப் பிரிக்க முயலாதீர்கள், காகிதம் உடைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து இரண்டு மூன்று படம் எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அம்மாவின் பெயர் எழுதிய இடத்தில் பேனா பதிந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.